பின்படியில் வந்த குடம்

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் கிடக்கிறது. கழுத்து ஒரு பக்கம் நசுங்கி, நிறம் வெளுத்துப்போன பழைய குடம். அடியில் ஆணியைச் சுடவைத்து இழுத்த இரண்டு கோடுகள் உண்டு. குழாயடியில் குடம் மாறிச் சண்டை வராமலிருக்கப் பெண்கள் போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. தூக்கிப் போடுங்கள் என்று என் மனைவி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். அது நம்முடையது இல்லை என்பேன். அப்படியானால் உரியவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதுதானே என்பாள்.

திண்டுக்கல் பக்கத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டுநராக நான் இருந்தபோது எங்களுக்கு ஒரு நிலைய அலுவலர் இருந்தார். நாங்கள் ஆபீசர் என்போம். தீயணைப்பு ஆபீசர் என்றால் தீயை மட்டும் அணைப்பவர் என்று ஊரில் நினைப்பு. கிணற்றில் விழுந்த மாட்டையும் அவர்தான் தூக்க வேண்டும், மனிதரையும் அவர்தான் தூக்க வேண்டும். தீபாவளி வந்தால் பட்டாசுக் கடைகளைச் சோதித்துக் கடைக்காரர்களின் முறைப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். மந்திரி வந்தால் மேடைக்குப் பின்னால் வண்டியோடு வேகாத வெயிலில் காய வேண்டும். குடியிருப்பு நிலையத்துக்குப் பின்னாலேயே இருந்ததால் வீடு வேறு வேலை வேறு என்று அவருக்கு இருந்ததில்லை. மணி அடித்தால் சோற்றுத் தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடிவருவார். நெய்க்காரப்பட்டியில் நடந்த சொந்த மகளின் நிச்சயதார்த்தத்துக்கு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு புகை நாற்றத்தோடு போய்ச் சேர்ந்தவர். சம்பந்தி வீட்டார் அதை வெகுநாள் சொல்லிக் காட்டினார்களாம்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. தீயை அணைத்த வண்டி, டேங்க்கை நிரப்பாமல் நிலையத்துக்குத் திரும்பக் கூடாது. அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் உண்டு, வண்டி கிணற்றடி வரை போகுமா என்பதையெல்லாம் நிலையத்துக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் போய்க் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்து வருவார். இந்த மனிதருக்கு வேறு பிழைப்பே இல்லையா என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் மழை பொய்த்தபோதுதான் சிரிப்பு நின்றது. பலகையில் வற்றிய கிணறுகளை வாரத்துக்கு ஒன்றாக அவர் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மூன்று மிஞ்சின.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம், அகரத்துக்கு அந்தப் பக்கம் வைக்கோல் படப்பு ஒன்று எரிந்தது. அணைத்துவிட்டு, மிஞ்சிய கிணறுகளில் ஒன்றில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்பினோம். வழியில் ஒரு சிற்றூரில் பெண்கள் ரோட்டின் குறுக்கே குடங்களை வரிசையாக வைத்து உட்கார்ந்திருந்தார்கள். குடிநீர் லாரி வந்து பல நாளாயிற்றாம். எங்கள் வண்டியின் டேங்க் மூடியிலிருந்து தண்ணீர் சிந்தியதைப் பார்த்ததும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். தீக்கு வைத்திருக்கும் தண்ணீர், கொடுக்கக் கூடாது என்று ஆபீசர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். நடு வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"எங்கயோ தீப்பிடிக்கும்னு வச்சிருக்கீக. எங்களுக்கு இங்க வயிறு எரியுது. பிள்ளைகளுக்குக் கஞ்சி காச்சத் தண்ணி இல்லைய்யா. வீட்டுக்கு ஒரு கொடம் போதும்."

ஆபீசர் ரோட்டில் இருந்த குடங்களை எண்ணினார். பிறகு என்னிடம், "பாதி வரைக்கும் குடுப்பா" என்றார். நான் பின்பக்க வால்வைத் திறந்தேன். துருக்கலந்த தண்ணீரைச் சேலைத் தலைப்பை வைத்து வடிகட்டிப் பிடித்தார்கள். எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு, கேட்டு வாங்கிக் கொடுத்த அந்தப் பெண் கடைசியாக நின்றாள். அவள் தன் குடத்தை வண்டியின் பின்படியில் வைத்தபோது ஒயர்லெஸ் கூப்பிட்டது. நகரத்து ஓரத்தில் பஞ்சுக் கிடங்கு ஒன்று எரிகிறது. எங்களுடைய இன்னொரு வண்டி செம்பட்டிப் பக்கம் கிணற்றில் விழுந்தவரைத் தூக்கப் போயிருந்தது. வால்வை மூடிவிட்டு, படியில் இருந்த குடத்தைக் கவனிக்காமல் அவசரமாக வண்டியில் ஏறினோம். அவள் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது கண்ணாடியில் தெரிந்தது. தண்ணீருக்கு ஓடி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிடங்கில் பாதி டேங்க் எவ்வளவு நேரம் தாங்கும்? வாசல் தீயைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எங்கள் ஆட்கள் இரண்டு பேர் உள்ளே நுழையும் நேரத்தில் தண்ணீர் தீர்ந்து குழாய் தொய்ந்துவிட்டது. வேறு நிலையத்து வண்டி வந்து தண்ணீர் அடித்த பிறகுதான் உள்ளே சிக்கியிருந்த மூட்டை தூக்கும் தொழிலாளியை வெளியே கொண்டுவர முடிந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். டேங்க் நிறைந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் இன்றுவரை தூங்கவிடாத விஷயம்.

வண்டியைக் கழுவும்போதுதான் பின்படிக் கம்பியில் செருகி நசுங்கியிருந்த குடத்தைப் பார்த்தோம். அவள் எதற்காக ஓடிவந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

விசாரணை வந்தது. வரும் வழியில் வால்வு ஒழுகிவிட்டது என்று நான் எழுதினேன். ஆபீசரைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு நான்காகக் கிழித்தார்.

"வால்வு ஒழுகுச்சுன்னா மெக்கானிக் தலையில விடியும். நான் குடுக்கச் சொன்னேன்னு எழுதுப்பா. அதான நடந்துச்சு."

அப்படியே எழுதினேன். வரவிருந்த பதவி உயர்வு நின்றது. கடலோரத்து நிலையம் ஒன்றுக்கு அவரை மாற்றினார்கள். போகிற அன்று கரும்பலகையில் இருந்த கிணறுகளை எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்தார். பிறகு குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "அந்தம்மாவுக்குத் தண்ணியும் குடுக்கல, கொடத்தையும் தூக்கிட்டு வந்துட்டோம். நீ அந்தப் பக்கம் போறப்பக் குடுத்துரு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து அதே ரோட்டில் நிறைந்த டேங்க்கோடு வந்தேன். வண்டியில் குடமும் இருந்தது. அன்றைக்கும் பெண்கள் ரோட்டோரத்தில் நின்றார்கள். புதிதாக வந்த ஆபீசர் என்னைப் பார்த்தார். நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவை என்னிடமே விட்டுவிட்ட பார்வை அது. எனக்குக் கிடங்கு வாசலில் தொய்ந்த குழாய்தான் கண்ணில் நின்றது. நான் ஹாரனை அழுத்திப் பிடித்தேன். அவர்கள் ஒதுங்கினார்கள். கும்பலில் அவளும் இருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று எங்கேயும் தீப்பிடிக்கவில்லை. மறுநாளும் அழைப்பு இல்லை. அத்தனை தண்ணீரையும் வைத்துக்கொண்டு வண்டி கொட்டகையில் சும்மா நின்றது.

இப்போது எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது. மனைவி வீட்டைக் கழுவும்போதெல்லாம் அந்தக் குடத்தை நகர்த்திவிட்டு, பழையபடி அதே இடத்தில் வைத்துவிடுகிறாள். அந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். குடத்தை இன்றைக்கும் கொண்டுபோய்விடலாம். அதை வெறுங்குடமாக அவள் கையில் நீட்ட எனக்கு முகம் இல்லை.