காலிங் பெல் சுவிட்ச்

காசிமேட்டில் எங்கள் வீட்டுக் கதவைப் பகலில் சாத்தியதே இல்லை. அப்படிப்பட்ட வாசலுக்கு யாரோ ஒரு காலிங் பெல் சுவிட்ச் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு வேலை கொடுத்தவள், எங்களோடு தங்கி பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த என் சித்தி.

மீன் பெட்டியில் ஐஸ் கரைவதை இரவெல்லாம் கவனித்துச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள். அதன் மூளை, சீட்டுக்கட்டு அளவே இருந்த ஒரு கம்ப்யூட்டர். அணைப்பதற்கு அதில் பட்டன் கிடையாது. திடீரென்று கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டு, எழுதிய புரோகிராமெல்லாம் போய்விடும்.

அம்மாவோ மீன் ஏலத்துக்குக் கிளம்பும்போது, நாங்கள் தூங்குகிறோமே என்றுகூடப் பார்க்காமல் மெயினையே அணைத்துவிட்டுப் போவாள். உப்புக் காற்றில் வயரை நம்ப முடியாதாம். படகு வருவதைப் பொறுத்து அவள் கிளம்பும் நேரமும் மாறும். ஃபேன் நின்று வேர்த்து எழுந்திருப்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டு முறை கார்டு போயிற்று. இரண்டு முறையும் சித்தி முதலிலிருந்து எழுதினாள். திங்கட்கிழமை காலேஜில் காட்ட வேண்டும். இன்னொரு முறை எழுத நாளில்லை.

மெயினை அணைக்காமல் போகச் சொல்லி அம்மாவிடம் நானே கேட்டுவிடுகிறேன் என்று குதித்தேன். எனக்கு எட்டு வயது, வாய் மட்டும் எண்பது.

"அக்காவாண்ட இத்தப் பத்தி வாயத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள் சித்தி.

ஞாயிற்றுக்கிழமை வாசல் சுவிட்சைக் கழற்றினாள். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களைக் கம்ப்யூட்டரில் பற்றவைத்து, அமுக்கினால் அதுவே ஒழுங்காக மூடிக்கொள்ளும்படி நாலு வரி எழுதினாள். பிறகு வயரைச் சுவரோடு இழுத்துப்போய், சுவிட்சை வாசலோரம் இருந்த மெயினுக்குப் பக்கத்தில் பொருத்தினாள். உள்ளே அலமாரியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வாசலில் பட்டனா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"அக்கா, மெயின அணைக்கிறதுக்கு முன்னாடி இத்த ஒரு தபா அமுக்கு. அங்க பச்ச லைட்டு நின்னதும் அணைச்சிக்கோ. இதுவும் சேப்டிக்குத்தான்."

மறுநாள் விடியற்காலையில் அம்மா அமுக்கினாள். கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது. அதன் பிறகுதான் அவள் கை மெயினுக்குப் போனது. தூங்குவதுபோலப் படுத்திருந்த சித்தி, பிடித்திருந்த போர்வையை விட்டாள். கார்டு பிழைத்தது. அவளைப்போல ஒரு இன்ஜினியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் இடது முழங்கையில் ஒரு தழும்பு உண்டு. கஞ்சி கொட்டியது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அம்மா ஏலத்தில் இருந்தபோது வயர் பற்றிக்கொண்டதும், தொட்டிலிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் பன்னிரண்டு வயதுச் சித்தி என்பதும் வெகுகாலம் கழித்தே தெரிந்தது. சித்தி என் வாயை அடக்கிய அன்றைக்கு நான் நினைத்ததெல்லாம், சித்திக்கு அம்மா என்றால் பயம் என்றுதான்.