தூறல் ஆகாத கம்பி

மலேசியாவில், மலைநாட்டு அணையிலிருந்து கிள்ளான் நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் உயர்கோபுரங்களைப் பராமரிக்கும் பிரிவில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். மாலையில் கோயிலில் பதிகம் ஓதுவேன். தொண்ணூறுகளில் ஒரு வறட்சியின்போது இவ்விரு பணிகளும் மோதிக்கொண்டன.

மாதக்கணக்கில் மழையில்லை. கம்பியைக் கோபுரத்தில் தாங்கும் பீங்கான் தட்டுகளில் காட்டுத்தீப் புகைமூட்டத்தின் கரியும் கடற்காற்றின் உப்பும் படிந்தன. காய்ந்த அழுக்கால் கேடில்லை. கனமழை பெய்தால் அதுவே கழுவிவிடும். தூறல் பட்டாலோ, அழுக்கு நனைந்து, மின்சாரம் அதன்மேல் பாய்ந்து, ஊரே இருண்டுவிடும். ஆகவே ஆட்களை ஏற்றித் துடைத்துவந்தோம். கிள்ளானை அடுத்த பண்டமாரான் பக்கத்துக் கோபுரங்கள் மட்டும் எஞ்சியிருந்தன. புகையில்லா மின்சாரத்தை நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவருவது பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். வெயிலும் மழையும் முறைமாறிவரும் இக்காலத்தில், அத்தொலைவு முழுவதையும் கம்பி வெட்டவெளியில்தான் கடக்க வேண்டியிருக்கிறது.

பண்டமாரான் கோபுரங்கள் எஞ்சியிருந்த அந்த வாரத்தில்தான், மளிகைக் கடை வைத்திருந்த கோயில் தலைவர் என்னை மழைப்பதிகம் பாட அழைத்தார். அதை முழுமையாக அறிந்தவன் நான் ஒருவனே. அணையும் வற்றிக்கொண்டிருந்ததால் மழை வேண்டாமென்றும் சொல்ல இயலவில்லை.

“ஒரு வாரம் தள்ளி வச்சிக்கலாமா?” என்றேன்.

“ஏன் அண்ணே, மழைக்கும் உங்க ஆபீஸ்ல பெர்மிட் எடுக்கணுமா?”

“தூறல் விழுந்தா லைன் போயிரும்.”

“அப்போ பெரிய மழையா கேளுங்க லா! பாடப்போறது நீங்கதானே?”

பதிகத்தில் அளவு குறிப்பிட இடமில்லை. ஆகவே ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கனமழை வேண்டுமென்று மனத்துள் தனியே விண்ணப்பித்துக்கொண்டேன். எட்டாம் பாட்டில் தகரக்கூரையில் மெல்லிய ஓசை எழுந்தது. கூட்டம் கைகூப்பியது. ஒன்பதாம் பாட்டில் விளக்குகள் அணைந்தன.

“வந்துருச்சு! நிறுத்தாதீங்க அண்ணே!” என்றது இருட்டில் தலைவரின் குரல்.

பதிகத்தைக் குறையாக விடும் வழக்கம் எனக்கில்லை. முடித்துவிட்டே பணியிடத்துக்குப் புறப்பட்டேன்.

துணைமின் நிலைய வாசலில் இளம் பொறியாளர் டார்ச் விளக்கோடு நின்றிருந்தார். “இத்தனை நாளா வராத மழை இன்னைக்கு எப்படி அங்கிள் வந்துச்சு?”

“கேட்டோம்.”

“யார்கிட்ட?”

மேலே சுட்டினேன். அவர் கோபுர உச்சியை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு விளங்கிக்கொண்டு, “அடுத்த தடவை துடைச்சு முடிச்சிட்டுக் கேளுங்க அங்கிள்,” என்றார்.

தூறல் நின்றதும் எஞ்சிய கோபுரங்களில் ஏறித் தட்டுகளைத் துடைத்தோம். கிள்ளானுக்கு வெளிச்சம் திரும்பிய மறுநாள் கனமழை கொட்டியது. நாங்கள் துடைத்தவற்றையெல்லாம் அது மறுபடி கழுவியது.