வாய்க்காலுக்கு மேற்கு

போன வாரம் ஒரு காலையில் பேப்பரைப் பிரித்தால் நடுவிலிருந்து வழவழப்பான நோட்டீஸ் ஒன்று மடியில் விழுந்தது. மனை விற்பனையாம். "கிழக்குப் பார்த்த மனைகள், உடனே வீடு கட்டலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கசக்கிப் போடலாம் என்று நினைக்கும்போதே ஊர்ப் பெயர் கண்ணில் பட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அதற்கப்புறம் காபி இறங்கவில்லை.

நோட்டீஸில் மை வாசனை அடித்தது. எந்த மை வாசனையும் என்னை இளவயதில் வேலை பார்த்த வக்கீல் ஆபீசுக்குத்தான் கொண்டுபோகும். கார்பன் தாள், ஸ்டாம்ப் பேடு, எதிரே சின்னதாக ஒரு கோர்ட்டு. அங்கே டைப்பிஸ்டும் நான்தான், குமாஸ்தாவும் நான்தான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய திமிர் வேறு. என் வேகத்தைப் பற்றிக் கேட்காதவர்களிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம் அது. அதிராம்பட்டினத்துக்காரர்கள் முன்னாலேயே கடல் தாண்டிப் போய்ப் பழகியவர்கள். இப்போது எங்கள் பக்கத்து வயல்காட்டுப் பையன்களும் பாஸ்போர்ட்டும் கையுமாகக் கிளம்பினார்கள். போனவர்கள் ஊரில் நிலம் வாங்கினார்கள். நிலம் வந்தால் கூடவே கோர்ட்டுத் தாவாவும் வரும் அல்லவா? எங்கள் வக்கீல் காட்டில் மழை.

ரெத்தினம் வந்தது அப்படித்தான். அறுபதை நெருங்கிய மனுஷர். ஆயுசெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்தவர், மகன் சிங்கப்பூர் போன பிறகு இரண்டு மா நிலம் வாங்கி, முதன்முதலாகத் தன் பெயரில் பட்டா பார்த்தார். பக்கத்து வயல்காரர் ஒரு காலத்தில் இவருடைய பண்ணை முதலாளி. ஒவ்வொரு உழவுக்கும் வரப்பைச் சாண் சாணாக உள்ளே தள்ளி, கடைசியில் இவர் நிலத்தில் நடவே நட்டுவிட்டார்.

"அருவாளைத் தூக்குங்கிறான் அக்கா மவன். நாங் கோர்ட்டுக்குத்தான் போவேன்னு வந்துட்டேங்க" என்றார் ரெத்தினம். கோர்ட்டை அப்படி நம்பிய ஆளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பத்திரத்தில் சக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு, நிலத்தின் நான்கு எல்லை. 'வாய்க்காலுக்கு மேற்கு' என்று எழுதியிருந்தது. அதாவது, வாய்க்காலுக்கு மேற்கே நம் நிலம். நமக்குக் கிழக்கே வாய்க்கால். எங்கள் வக்கீல் கோர்ட்டில் போடும் பிராதில் அதைப் புது மாதிரியாக, திசையை முதலில் போட்டு எதிரே எல்லையை எழுதச் சொன்னார். நான் என்ன செய்தேன்? 'மேற்கு' என்ற சொல்லைப் பார்த்ததும் மேற்குக்கு எதிரே வாய்க்கால் என்று அடித்துத் தள்ளினேன். கிழக்கே ஓடும் வாய்க்கால் மேற்கே போனது. மேற்கே இருந்த எதிரி கிழக்கே வந்து உட்கார்ந்தார்.

கைநாட்டுக்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். கடகடவென்று வாசித்தேன். ரெத்தினம் கட்டைவிரலில் மையோடு தயங்கினார்.

"வாய்க்கா மேக்கயாங்க? நமக்குக் கிழக்காலல்ல ஓடுது?"

"கோர்ட்டு பாஷையில அப்படித்தான் எழுதுவாங்க பெரியவரே. வைங்க."

வைத்துவிட்டார்.

அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ஜட்ஜ் லீவு, எதிர்த்தரப்பு வக்கீல் வீட்டுக் கல்யாணம், மறுபடி ஜட்ஜ் மாற்றல். ஒவ்வொன்றுக்கும் முதல் பஸ்ஸில் வந்து வேப்பமரத்தடியில் குந்தியிருப்பார். கோர்ட்டு டவாலி பெயர் கூப்பிட்டதும் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். தோளிலேயே கிடக்கட்டும் என்று ஒருமுறை சொன்னேன். "பழகிப்போச்சுங்க" என்றார். அதற்குள் அவர் நிலத்தில் மூன்று குறுவையை எதிரி அறுத்துவிட்டார்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "வாய்க்கால் உங்க நிலத்துக்கு எந்தப் பக்கங்க?"

"கிழக்காலங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? தெனம் மொகங் கழுவுற வாய்க்கா."

அந்த வக்கீல் எங்கள் பிராதை எடுத்து அந்த இடத்தில் விரல் வைத்து ஜட்ஜிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் ஆடித் தீர்த்துவிட்டார். "ஏன்யா, மேக்கன்னு போட்டிருக்கு, நீ பாட்டுக்குக் கிழக்கங்கிற! கேஸையே கவுத்துட்டியே!" நான் உள்ளே போய்க் கேஸ் கட்டைப் பிரித்துப் பத்திரத்தைப் பார்த்தேன். 'வாய்க்காலுக்கு மேற்கு' என்றுதான் இருந்தது, திருப்பிப் போட்டது நான். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் திருத்த மனு போட்டிருக்கலாம். வேலை போய்விடுமே என்று கட்டைக் கட்டி அலமாரியில் வைத்தேன். அற்பப் பயல் நான், வேறென்ன சொல்ல?

சொத்தின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை, தாவா தள்ளுபடி. தீர்ப்பன்று ரெத்தினம் என் மேசைப் பக்கம் வந்து நின்றார். அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, என்னைத் தேற்றுகிற மாதிரிதான் பேசினார்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க, கோர்ட்டு பாஷ வேறன்னு. நாந்தான் மறந்துபோயி நம்ம பாஷையில சொல்லிப்புட்டேன்."

அப்போதும் உண்மையைச் சொல்லாமல் டைப்ரைட்டரில் அடுத்த தாளைச் செருகினேன். சிங்கப்பூருக்கு பூத்திலிருந்து போன் போட்டு மகனிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார், அப்பன் தப்பாச் சொல்லிட்டேன்டா என்று. அப்பீல் வேண்டாம் என்றுவிட்டான் மகன். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை, அதற்கடுத்த லீவுக்கும் வரவில்லை. ரெத்தினம் செத்துப்போன செய்தியே எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன். வயலும் இல்லை, வரப்பும் இல்லை. மஞ்சள் அடித்த கல்லாக நட்டு வைத்திருந்தார்கள். வாய்க்காலைத் தூர்த்து அதன்மேல் தார் ரோடு ஓடியது. டை கட்டிய பையன் ஒருவன் குடையோடு ஓடி வந்தான்.

"வாங்க சார். ரோட்டுக்கு மேக்கால ரெண்டு மனை இருக்கு, கிழக்குப் பாத்தது."

ரோட்டுக்கு மேற்கு. ரெத்தினத்தின் இடம்.

"வாய்க்கா கிழக்காலதான் ஓடிச்சு தம்பி" என்றேன். "பெரியவரு சரியாத்தான் சொன்னாரு. தப்பு என்னுது."

பையன் குடையை என் தலைக்கு நேராகப் பிடித்தபடி சுற்றுமுற்றும் பார்த்தான்.

"எந்த வாய்க்கா சார்?" என்றான்.