எதுல வாரீக?

வந்த பஸ்ஸில் எழில் ஏறவில்லை. வெம்பக்கோட்டைச் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் சீனிவாசகம் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்கிறார். "ஏம்மா, சனிக்கிழமையானா பஸ்ஸுக்குன்னு இங்கன வந்து நிக்கீக. வந்த பஸ்ஸுல ஏற மாட்டேங்குறீகளே?"

"அடுத்ததுல போறேண்ணே."

சூலக்கரை கலெக்டர் ஆபீஸில், புள்ளியியல் பிரிவில் அவளுக்கு வேலை. யாரைப் புதிதாகப் பார்த்தாலும் எந்த ஊர் என்று கேட்க மாட்டாள். "எதுல வாரீக?" என்பாள். "பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டயும் இதையேதான் கேட்டா" என்று பக்கத்து மேஜை ஜெனிட்டா கிண்டலடிப்பாள். எழிலும் சேர்ந்து சிரிப்பாள். சாயங்காலம் வாடகை அறைக்குத் திரும்பினால் பேச ஆள் கிடையாது.

அந்தக் கேள்வி கொரோனா காலத்தில் ஒட்டிக்கொண்டது. மாவட்டத்தில் நோய் எங்கே கூடிக் கிடக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வது அப்போது அவள் பொறுப்பு. நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தாள். ஊருக்கு ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடந்தன. கொத்து எதுவும் இல்லை என்றது கணக்கு. அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மனம் ஒப்பவில்லை. பட்டாசு ஆலைக்குப் போகிறவர்கள் பகலில் வீட்டிலா இருக்கிறார்கள்? ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்களில் எந்த வேனில் போகிறீர்கள் என்று கேட்டாள். புள்ளிகளை வீட்டிலிருந்து எடுத்து, வேன் போகும் பாதையில் வைத்தாள். சிதறியதில் பாதிக்குமேல் ஒரே வேனில் வந்து குவிந்தது.

அக்கா பாண்டிச்செல்வி போகும் வேன் அது. அம்மா போன பிறகு, பட்டாசுக்கு மருந்து அடைத்து இவளைப் படிக்கவைத்த அக்கா.

தீபாவளிச் சீசன் வேறு. சொன்னால் வேன் நிற்கும், அத்தனை வீட்டிலும் அடுப்பு எரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். மேலே சொல்லிவிட்டாள். வேன் நின்றது. திரும்ப ஓடவிட்டபோது பாதி ஆள்தான் ஏற வேண்டும், ஜன்னலைச் சாத்தவே கூடாது என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

"ஊரு கெடக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சியாடி?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தாள். வைத்தது வைத்ததுதான். வருஷக்கணக்கில் பேச்சே இல்லை. எழிலுக்கு அது இன்னும் ஆறவில்லை.

டீக்கடை வாசலில் தூறல் வலுக்கிறது. அந்த வேன் வருகிறது. ஜன்னல் விதியெல்லாம் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? ஆட்களை அடைத்துக்கொண்டு, மழைக்குக் கண்ணாடிகளை இறுகச் சாத்திக்கொண்டு வருகிறது. ஒன்று மட்டும் திறந்திருக்கிறது. அங்கே பாண்டிச்செல்வி உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் இருப்பவள் கண்ணாடியை இழுத்துவிடக் கை நீட்டுகிறாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, நனைந்துகொண்டே போகிறாள்.