திராட்சைப் பந்தலுக்குள் போன கோல்ஃப் பந்து

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று ஆளையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்த சமயம். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குக் குமுளி மலையில் ஒரு விடுதியில் வரவேற்பறை வேலை. காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினால், பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம். கணவர் திராட்சைத் தோட்டம் பார்க்கிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். இதில் எதுவும் கலையக்கூடாது என்பதுதான் என் ஒரே ஆசை.

கலைகிற நாளும் வந்தது. விருந்தினர்கள் போனிலேயே பதிவு செய்து, அறைக்கதவையும் போனிலேயே திறந்துகொள்ளப் போகிறார்களாம். இனி வரவேற்பறைக்கு ஒரே ஆள் போதும், மற்றவர்கள் கொச்சியில் இருக்கும் விடுதிக்கு மாறிக்கொள்ளலாம் என்றார் மேலாளர். பிள்ளையையும் தோட்டத்தையும் விட்டு நான் எப்படிக் கொச்சிக்குப் போவேன்? கூடவே இன்னொன்றும் சொன்னார். விடுதிக்குப் பின்னால் கோல்ஃப் பழகும் மைதானம் புதிதாகப் போட்டிருந்தார்கள். அங்கே ஆரம்பப் பாடம் சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். கொச்சியிலிருந்து வருகிற பயிற்சியாளர் விருப்பப்பட்டவர்களைப் பழக்கி, தீபாவளி முடிந்ததும் ஒரு பரீட்சை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். நான் யோசிக்கவே இல்லை, கையைத் தூக்கிவிட்டேன். கோல்ஃப் மட்டையை அதுவரை தொட்டதுகூடக் கிடையாது!

டிவியில் பார்க்கிறபோது என்ன, கீழே கிடக்கிற பந்தைத் தட்டுவதுதானே என்று தோன்றும். அடித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒரு தடவை பந்து அம்சமாகப் பறக்கும். அடுத்த தடவை மட்டை பந்துக்கு முன்னாலேயே மண்ணைத் தோண்டும். அதற்கடுத்து பந்தின் உச்சியை மட்டும் உரசும், பந்து தரையோடு தரையாக உருண்டு போகும். எப்போது சரியாகப் படும், எப்போது படாது என்று எனக்கே தெரியாது. அழுகை அழுகையாக வந்தது.

பயிற்சியாளர் மலையாளம் கலந்த தமிழில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். “மோளே, அடிக்கிற சமயத்து எழும்பாதே.” நான் எங்கே எழும்புகிறேன் என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல். ஒரு நாள் செல்போனில் படம் பிடித்துக் காட்டினார். பார்த்தால், குனிந்து நிற்கிறவள் அடிக்கிற நேரத்தில் விசுக்கென்று நிமிர்கிறேன். தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்து என்ன செய்ய, உடம்பு கேட்க வேண்டாமா?

விட்டேனா பார் என்று மேலாளரிடம் கேட்டு ஒரு பழைய மட்டையை வீட்டுக்கே கொண்டுவந்தேன். ஜீப்பில் ஏறியதும், “யாத்தே! பாம்படிக்கவாடி கெளம்பிட்ட?” என்று தோட்டத்துப் பெண்களிடம் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும் என்று மட்டையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விடுமுறை நாட்களில் எங்கள் தோட்டத்து ஓரத்தில் பழகினேன். ஒரு நாள் தப்பாகப் பட்ட பந்து உருண்டு திராட்சைப் பந்தலுக்குள் போய்விட்டது. அப்போதுதான் கவாத்து பண்ணி, கொடியை எல்லாம் கழித்து, பந்தல் மொட்டையாக இருந்தது. வழக்கம்போல் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் பந்தல் தாழ்வானது. நிமிர்ந்தால் கம்பி மண்டையில் இடிக்கும், முடி மாட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் துண்டு. பந்தை எடுக்காமல், இருந்த கோபத்தில் கிடந்த இடத்திலேயே இடுப்பு உயரம் மட்டையை ஓங்கி ஒரு அடி அடித்தேன். பந்து மட்டையின் நடுவில் பட்டு ‘டக்’ என்று அப்படி ஒரு சத்தம்! இன்னொரு பந்தைப் போட்டு அடித்தேன். அதே சத்தம். திரும்பவும் அதே சத்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பந்தலுக்குள் வேலை செய்கிறேன். அதற்குள் போனால் என் உடம்பு தானாகவே நிமிராது.

சத்தம் கேட்டு வந்த கணவர், “ஏ புள்ள, பந்து கல்தூணுல பட்டு ஒன் மண்டையத்தான் ஒடைக்கப் போகுது” என்று திட்டினார். திட்டிவிட்டு அவரே இரண்டு தூணுக்கு நடுவில் பழைய ஜமுக்காளத்தைத் தடுப்பாகக் கட்டிக் கொடுத்தார். “கொடி துளுத்துருச்சுன்னா இங்கன ஒரு அடிகூட அடிக்கக் கூடாது, ஆமா” என்றார். துளிர் விடுகிறவரை ஒரு நாள்கூட நான் விடவில்லை.

பரீட்சை நாள். மைதானத்தைச் சுற்றி விருந்தினர்கள் காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு முன்னால் அடித்தவர் நீச்சல்குளம் பார்த்துக்கொள்கிற வாலிபர். பந்துகளைத் தூரத் தூரமாக அனுப்பிவிட்டார், ஆனால் ஒன்று வலது பக்கம் போனால் அடுத்தது இடது பக்கம் போனது. என் முறை வந்தது. விடுதிச் சீருடையில் நின்று அடித்த முதல் பந்து மண்ணோடு போனது. இரண்டாவது உருண்டது. யாரோ சிரித்தார்கள். தலைக்கு மேலே வெறும் வானம். சரி, கொச்சிதான் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததும் உள்ளுக்குள் ஒரு வீம்பு வந்தது. ஓரத்தில் வைத்திருந்த கைப்பையிலிருந்து தோட்டத்துத் துண்டை எடுத்தேன். ஜீப்பில் காற்றுக்குக் கட்ட வைத்திருந்தது, மண்கறை பிடித்தது. அத்தனை பேர் முன்னால் தலையில் இறுக்கிக் கட்டினேன். மேலாளர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தால் பார்க்கட்டும்! துண்டு நெற்றியில் இறுகியதும் தலைக்கு மேலே கம்பி வந்துவிட்டது. அடித்தேன். டக். அடுத்ததும் டக். மீதிப் பந்துகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

பயிற்சியாளர் துண்டைக் காட்டி என்ன இது என்று கேட்டார். “எங்க திராட்சத் தோட்டத்துல இப்பிடித்தான் சார் கட்டுவோம். கட்டிட்டா நிமிர மாட்டோம்” என்றேன். அவர் சத்தமாகச் சிரித்தார். தூரம் பிறகு வந்துவிடும், சொல்லித்தருகிறவருக்கு ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி படுவதுதான் முக்கியம் என்று மேலாளரிடம் சொன்னார். வேலை எனக்கு. அன்று ஜீப்பை விட்டு இறங்குகிறவரை அழுதுகொண்டே வந்தேன், அந்தப் பெண்கள் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

இப்போது பெரிய பெரிய ஆட்கள் என்னிடம் பழக வருகிறார்கள். பந்து சரியாகப் படவில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் துண்டைக் கொடுத்துத் தலையில் கட்டி, மேலே ஒரு கம்பி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மலைக்கு வேலைக்கு வந்த புதிதில் நான் தோட்டத்துக்காரி என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று அந்தத் துண்டைப் பைக்கு அடியில் திணித்து வைப்பேன். இன்று சீருடையைப் போலவே அதையும் துவைத்து மடித்துத்தான் எடுத்துப் போகிறேன்.