காம்பு கிளையிலேயே நிற்கட்டும்

தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் வெயில் இப்போதுதான் ஏறுகிறது. பழம் பறிக்கும் பெண்களோடு நானும் இடுப்பில் சாக்குப்பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கல்லூரியில் இருபது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறவன். காப்பிச் செடியைத் தொடுவது இன்றுதான்.

சிவந்த பழங்களாகப் பார்த்துக் கொத்தோடு இழுக்கிறேன். பக்கத்துச் செடியில் பறித்துக்கொண்டிருந்த செல்வி பதறி ஓடி வருகிறார்.

"அய்யய்யோ, காம்போட பிய்க்காதீங்க சார்! அடுத்த வருசம் பூ எங்கேருந்து வரும்?"

எப்படிப் பறிப்பது என்று செய்து காட்டுகிறார். நானும் ஒரு பழத்தை லேசாகத் திருகுகிறேன். பழம் மட்டும் உள்ளங்கையில் விழுகிறது. காம்பு கிளையிலேயே நிற்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"வாயில போட்டுப் பாருங்க" என்கிறார் செல்வி.

வழுக்கும் கொட்டையைச் சுற்றிக் கொஞ்சமே கொஞ்சம் சதை.

"இனிக்குதே!" என்று கத்திவிடுகிறேன். "இந்தப் பழத்த போர்டுல எத்தனையோ தடவ குறுக்கா வெட்டுன மாதிரி வரைஞ்சிருக்கேன். இனிக்கும்னு தெரியாதும்மா."

செல்விக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அப்ப ஒங்ககிட்ட படிச்ச புள்ளைக பாவம் சார். வெரசா போயி அதுகளையும் கூட்டிட்டு வாங்க. பழம் இன்னும் நெறையாக் கெடக்கு."