பரணில் தொங்கிய சலங்கைப் பணம்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நடனக் குழுவுக்குப் பெற்றோர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் பணம் பேங்கில் இல்லை, எங்கள் வீட்டுப் பரணில் பூண்டாகத் தொங்கியது. ரொக்கமாகக் கேட்டால் ஊரில் ஒருத்தர் கண்ணில் பட மாட்டார். வீட்டுக்கு ஒரு கட்டுப் பூண்டு என்றால் முகம் சுளிக்காமல் தருவார்கள். அம்மாதான் பொருளாளர். அடுப்புப் புகை படும்படி எங்கள் விதைப்பூண்டும் சங்கப் பூண்டும் அருகருகே தொங்கின. கலந்துவிடக் கூடாதென்று சங்கப் பூண்டுக்கு மட்டும் என் சிவப்பு ரிப்பனைக் கிழித்துக் கட்டியிருந்தாள்.

மே மாதம் கொடைக்கானலில் ஆட மேடை கிடைத்தது. எனக்கு முன்வரிசை. தலைகால் புரியவில்லை!

சந்தைக்குப் பூண்டு ஏற்றிப் போகும் மாமா, "வெரசா வித்துரு அக்கா, வெலை எறங்கும் போல" என்றார். அம்மா கேட்கவில்லை. "ஊர்ப் பூண்டுடா. நாலு காசு சேத்து வரட்டும்."

விலை இறங்கவில்லை, சறுக்கி விழுந்தது. வருகிற பணம் உடுப்பு வாடகைக்கே காணாது, ஜீப்புக்கு எங்கே போவது? பயணம் இல்லை என்று பேச்சு அடிபட்டது. நான் சோறு வேண்டாமென்று கம்பளிக்குள் சுருண்டு, அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் வெள்ளனே மாமாவின் வண்டியில் மூட்டைகள் ஏறின. "விதையையுமாக்கா?" என்று கேட்டார் மாமா.

"பேசாம ஏத்து. பிள்ளைக ஆடட்டும்."

ஆடினோம். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் பரிசு. சங்கக் கூட்டத்தில் அம்மா, "கடைசி நேரத்துல பூண்டு நல்ல வெலைக்குப் போச்சுங்க" என்று ஒரே வரியில் கணக்கை முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். மாமா மட்டும் தட்டவில்லை. தன் பேச்சு பலிக்காத வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நடவுக்கு ஊரே பூண்டு ஊன்றியது. எங்கள் வயல் மட்டும் வெறுமனே கிடந்தது. அம்மா பக்கத்து வயலில் கூலிக்கு ஊன்றினாள். எனக்கோ கொண்டாட்டம். விதைக்குப் பல் பிரித்து நகக்கண் எரியும் சோலி அந்த வருஷம் இல்லை. போதாததற்கு, ஒத்திகைக்கு அத்தனை வாகான இடம் ஊரில் வேறு எது? சலங்கை கட்டிக்கொண்டு எங்கள் வயலில் ஆடினோம். பக்கத்து வயலிலிருந்து அம்மா நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் நான் இன்னும் ஓங்கி மிதித்தேன்.